வைத்த பெயரும் வந்த பெயரும்

(‘ஒரு மனிதரை உள்ளபடி காட்டுவது வைத்த பெயரா? வந்த பெயரா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘வந்த பெயரே’ என்ற அணியில் பேசியது.)

சிரிக்க வைத்தே சிந்திக்க வைக்கும் நடுவர் அவர்களே! எங்கள் அணியை வறுத்தெடுத்துவிட்டு இப்போது சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! கையிலே தோசைக் கரண்டியும், காது தொலைக்காட்சியிலுமாக வீட்டில் நின்றுகொண்டிருக்கிற சகோதரிகளே! 

எனக்கு முன்னால் பேசிய அம்மா ரொம்ப அழகாகப் பேசினார்கள். பிள்ளை பிறந்ததும் நட்சத்திரம் பார்த்து, எழுத்துப் பார்த்து, குலதெய்வத்தை நினைத்து, தாய்மாமன் மடியிலே உட்கார வைத்து, காதிலே மூன்று முறை சொல்லி வைக்கிறோமே, அதுதான் பெயர். மற்றதெல்லாம் தெருவில் போகிறவன் வைத்தது என்றார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

ஆனால் அம்மா, ஒரே ஒரு கேள்வி. காதிலே மூன்று முறை சொன்னீர்களே, நாலாவது முறை அந்தப் பெயரைச் சொன்னது யார்? (சிரிப்பு) பந்தி முடிந்து, இலை எடுத்துப் போடுவதற்குள் அந்தக் குழந்தைக்குக் ‘குட்டிம்மா’ என்று ஒரு பெயர் வந்துவிடுகிறது. ‘பப்பு’ என்று ஒரு பெயர் வந்துவிடுகிறது. வைத்தவர்களே கூப்பிடாத பெயரைப் பிடித்துக்கொண்டு ஊரிடம் சண்டைக்கு வருகிறீர்களே, நியாயமா?

எண் கணிதம் என்றார்கள். அதையும் பார்த்துவிடுவோம். என்னிடம் ஒரு பையன் படித்தான். பெயர் ரமேஷ். அவன் அப்பா எண் கணிதம் பார்த்து, ஆங்கிலத்திலே நடுவில் இரண்டு ‘ஏ’ சேர்த்தார். கடைசியிலே ஒரு ‘எச்’ சேர்த்தார். வருகைப் பதிவேட்டில் இருக்கிறபடி நான் படித்தால், நான் பெயர் கூப்பிடுகிற மாதிரி இல்லை. பெருமூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது! (சிரிப்பு) பரீட்சையிலே தேறினானா? தேறினான். ‘எச்’ தேற வைக்கவில்லை ஐயா, விடிய விடிய படித்தான், தேறினான். கூடப் படித்த பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘கூர்க்கா.’ ராத்திரி முழுக்க முழித்திருந்து படிப்பானாம். அப்பா வைத்த பெயர் எழுத்தை எண்ணியது. பிள்ளைகள் வைத்த பெயர் ஆளைப் பார்த்தது.

இந்தப் பட்டப்பெயர் ஏன் வருகிறது? ஊருக்கு வேறு வேலை இல்லையா? காரணம் இருக்கிறது. நம் வழக்கம் என்ன? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது. பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’தான். பாட்டன் பெயரைச் சுமப்பதாலே பெயரன். வைத்தாயிற்று. வீட்டிலே இருக்கிற மருமகள் என்ன செய்வாள்? மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது. பிள்ளைக்கும் அதே பெயர். பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? எங்கள் வீட்டில் என் அண்ணனுக்குத் தாத்தா பெயர். அம்மா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ‘பெரியதம்பி’தான். எனக்கு அடி விழும்போது பெயர் சொல்லி விழும். அவனுக்கு அடி விழும்போது அதிலே ஒரு மரியாதை இருக்கும். மாமனார் பேரு இல்லையா! (சிரிப்பு)

கணவன் பெயருக்கும் அதே கதைதான். அந்தக் காலத்திலே ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் ஒரு அம்மாவிடம் கேட்கிறார்: ‘வீட்டுக்காரர் பேர் என்னம்மா?’

‘அதாங்க, பழனி மலையிலே நிக்கிறாரே, அவர் பேரு.’

‘முருகனா?’

‘இல்லீங்க.’

‘தண்டபாணியா?’

‘இல்லீங்க.’

‘வேலுச்சாமி, ஆறுமுகம், குமரேசன்...’

‘இல்லீங்க, இல்லீங்க.’

முருகனுக்கு உள்ள பெயரெல்லாம் சொல்லி ஓய்ந்துபோன அந்த மனிதர், ‘அம்மா, பழனியிலே சாமிக்கு வேறே பேரு இல்லியே!’ என்றார். அந்த அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்: ‘இப்பச் சொன்னீங்களே, அந்த ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க.’ பழனிச்சாமி! (பலத்த சிரிப்பு)

நடுவர்: மலையேறிப் போயிருந்தா சீக்கிரம் தெரிஞ்சிருக்கும் போல!

ஆமாம் ஐயா! ஆக, பெயர் வைத்த வீட்டிலேயே அந்தப் பெயர் புழங்க முடியாமல் போனபோது, இரண்டாவது பெயர் பிறந்தது.

அடுத்தது தெரு. ஒரு தெருவிலே ஐந்து முருகேசன். தபால்காரர் என்ன செய்வார்? ஊரே உதவிக்கு வந்தது. சைக்கிள் கடை வைத்திருப்பவர் ‘சைக்கிள் முருகேசன்’. வாத்தியார் மகன் ‘வாத்தியார் வீட்டு முருகேசன்’. எது கேட்டாலும் ‘பார்ப்போம்’ என்கிறவர் ‘பார்ப்போம் முருகேசன்’. இன்னொருவர் ‘மிலிட்டரி முருகேசன்’. எந்தப் போரிலே இருந்தார்? எந்தப் போரிலும் இல்லை. ராணுவத்துக்கு ஆள் எடுத்த இடத்திலே மார்பளவு பற்றாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அதற்கென்று தைத்த காக்கி டவுசரை அவர் விடவில்லை! (சிரிப்பு) அந்த டவுசருக்குள்ளே ஓர் ஆசை இருந்தது ஐயா. நிறைவேறாத ஆசை. ஊர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டது. ஆனாலும் அவர் ஆசைப்பட்ட வேலையை அவருக்குப் பெயராகவாவது கொடுத்துவிட்டது.

எங்கள் பக்கத்து ஊரிலே ‘பர்மாக்காரர் வீடு’ என்று ஒரு வீடு. இன்றைக்கு அந்த வீட்டிலே யாருக்கும் பர்மா எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் பெயர் நிற்கிறது. 1942-ல் ஜப்பான் பர்மாவுக்குள்ளே நுழைந்தபோது, காடும் மலையும் தாண்டி நடந்தே வந்த தமிழர்கள் உண்டு. வழியிலே விழுந்தவர்கள் உண்டு. 1960-களிலே கடையும் தொழிலும் அரசுடைமை ஆகி, வெறுங்கையோடு கப்பலேறி வந்தவர்கள் உண்டு. சென்னைக்கு வந்தவர்கள் கடை போட்ட இடத்துக்குப் பர்மா பஜார் என்றே பெயர் வந்தது. அந்த வீட்டுப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், பர்மா இருக்காது. ஊர் வைத்த பெயரிலே இருக்கிறது. ஏட்டிலே எழுதாத சரித்திரத்தை ஊர் வாயிலே எழுதி வைத்திருக்கிறது. (கைதட்டல்)

எங்கள் ஊரிலே பெரியவர் ஒருவர் காலமானார். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியிலே, பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி ‘ராமச்சந்திரன்’ என்று அடித்து ஒட்டினார்கள். யார் இந்த ராமச்சந்திரன் என்று ஊரே கேட்டது. மத்தியானம் அவசர அவசரமாக மறுபடி அடித்தார்கள்: ‘ராமச்சந்திரன் (எ) பொரிகடலைத் தாத்தா.’ அவ்வளவுதான். ஜனம் திரண்டு வந்தது. பள்ளிக்கூட வாசலிலே முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் காசில்லாத அன்றைக்கும் ஒரு கை பொரி போட்டவர் ஐயா அவர். அடைப்புக்குள்ளே ‘எ’ என்று ஓர் எழுத்துப் போடுகிறோமே, ‘என்கிற’ என்பதற்கு, அந்த ஓரெழுத்துக்கு இந்தப் பக்கம் இருப்பது ஆவணம். அந்தப் பக்கம் இருப்பதுதான் வாழ்க்கை! (பலத்த கைதட்டல்)

எதிரணியிலே இளைஞர் ஒருவர், ‘இதெல்லாம் திண்ணைக் காலம். இது கம்ப்யூட்டர் காலம். பட்டப்பெயர் செத்துப்போச்சு’ என்றார். தம்பி, கம்ப்யூட்டரிலே கணக்குத் திறக்கிறபோது என்ன நடக்கிறது? முருகேசன் என்று அடிக்கிறோம். ‘இந்தப் பெயரை வேறொருவர் எடுத்துவிட்டார்’ என்கிறது. எங்கள் தெருவிலே ஐந்து முருகேசன் இருந்தால் பிரச்சினை. அங்கே உலகத்து முருகேசன் எல்லாரும் ஒரே தெரு! உடனே அதுவே யோசனை சொல்கிறது: முருகேசன்123 வைத்துக்கொள், முருகேசன்1987 வைத்துக்கொள் என்று. பார்த்தீர்களா, கம்ப்யூட்டரும் எண் கணிதம் பார்க்கிறது! (சிரிப்பு)

1971-லே அமெரிக்காவிலே ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கடிதம் அனுப்ப வழி செய்தார். ஆள் பெயர் எது, அந்த ஆளின் கணினி எது என்று பிரித்துக் காட்ட நடுவிலே ‘அட்’ என்ற ஒரு குறியைப் போட்டார். இன்னார், இன்ன இடத்திலே. இது தமிழனுக்குப் புதுசா? ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’. ஊர் மதுரை; அப்பா கணக்காயர், அதாவது ஆசிரியர்; ஆள் நக்கீரர். ‘மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்’. இருக்கிற ஊர், செய்கிற தொழில், சொந்த ஊர், பெயர். இதைவிடத் தெளிவான முகவரி உண்டா? சாத்தன் என்று பல பேர் இருந்த காலத்திலே, எந்தச் சாத்தன் என்று சொல்லத் தொழிலும் ஊரும் வந்து ஒட்டிக்கொண்டன. கம்ப்யூட்டர் இன்றைக்குக் கேட்கிற கேள்வியைத்தான் அன்றைக்கும் கேட்டார்கள்: ‘நீ எந்தச் சாத்தன்?’

எழுத்தாளர் சுஜாதாவை எல்லாருக்கும் தெரியும். வீட்டில் வைத்த பெயர் ரங்கராஜன். அந்தப் பெயரிலே ஏன் எழுதவில்லை? குமுதத்திலே ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் இருந்தார். குழப்பம் வேண்டாம் என்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். அதாவது, ‘இந்தப் பெயரை வேறொருவர் எடுத்துவிட்டார்!’ (சிரிப்பு) கம்ப்யூட்டரைத் தமிழனுக்குக் கதை கதையாகச் சொன்ன மனிதருக்கு, கம்ப்யூட்டர் சொல்கிற பதிலைப் பத்திரிகை முன்கூட்டியே சொல்லியிருக்கிறது பாருங்கள்.

இப்படி ‘வேறு பெயர் சொல்’ என்று நெருக்கும்போது மனுஷன் எந்தப் பெயரைச் சொல்கிறான்? அங்கேதான் ஐயா ஆள் தெரிகிறான். என்னிடம் படித்த ஒருவர் துபாயிலே இருக்கிறார். மின்னஞ்சல், முகநூல் எல்லாவற்றிலும் அவர் பெயர் ‘செவலை’. ‘ஏம்ப்பா, நல்ல பேர் உனக்கு. செவலைன்னா என்ன?’ என்று கேட்டேன். ‘ஐயா, அது எங்க வீட்டு மாடு. அதை வித்துத்தான் எனக்கு விசா வாங்கினாங்க’ என்றார்.

(கைதட்டல்)

நட்சத்திரம் பார்த்து வைத்த பெயர் கடவுச்சீட்டிலே இருக்கிறது. அந்தக் கடவுச்சீட்டுக்குக் காசு கொடுத்த வாயில்லா ஜீவனின் பெயரை அவர் தனக்கு வைத்துக்கொண்டார். ஒரு மனிதரை உள்ளபடி காட்டுவது எது? நடுவர் அவர்களே, நீங்களே சொல்லுங்கள்.

‘கம்ப்யூட்டர் பெயர் முகமூடி, பொய்’ என்றார் அந்தத் தம்பி. எனக்குத் தெரிந்த ஒரு பெண் பிள்ளை. நன்றாகக் கவிதை எழுதும். தன் பெயரைப் போட்டு எழுதிய முதல் நாளிலேயே முன்பின் தெரியாதவர்களிடமிருந்து ‘ஹாய்’, ‘சாப்பிட்டாச்சா?’, ‘போட்டோ போடுங்க’. மறுநாள் அந்தப் பிள்ளை தன் தாத்தாவின் பெயரைப் போட்டு, தாத்தாவின் மீசைப் படத்தையும் போட்டுவிட்டது. ஒரு ‘ஹாய்’ வரவில்லை! (சிரிப்பு) சிரிக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்திலே மேரி ஆன் எவன்ஸ் என்ற அம்மையார் ‘ஜார்ஜ் எலியட்’ என்று ஆண் பெயரிலே நாவல் எழுதினார். இத்தனை காலம் கழித்தும் ஒரு பெண் தன் பெயரை ஒளித்துவைத்துத்தான் எழுத வேண்டும் என்றால், அந்த முகமூடி அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நம்மைப் பற்றிச் சொல்கிறது.

இலக்கியத்துக்கு வருகிறேன். தமிழ் வாத்தியார் இலக்கியம் பேசாமல் இறங்கினால் சம்பளம் செரிக்காது. குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில பாடல்கள் கிடைத்தன. பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. ‘பெயர் தெரியாதவர்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அந்தப் பாட்டிலே எந்த உவமை நெஞ்சைத் தொட்டதோ, அதையே பெயராக வைத்தார்கள். செம்மண்ணிலே பெய்த மழை போல இரண்டு நெஞ்சம் கலந்ததைப் பாடியவர் செம்புலப் பெயனீரார். ஆள் இல்லாத வீட்டு முற்றத்திலே அணில் விளையாடுவதைக் காட்டித் தனிமையைச் சொன்னவர் அணிலாடு முன்றிலார். குப்பை மேட்டிலே இரண்டு கோழி சண்டை போடுவதைப் பாடியவர் குப்பைக் கோழியார். இன்றைக்கு ஒருவரைக் குப்பைக் கோழி என்றால் அடிக்க வருவார். அங்கே ‘ஆர்’ விகுதி போட்டு மரியாதை! அவர்களுக்கு அப்பா அம்மா பெயர் வைக்காமலா இருந்திருப்பார்கள்? வைத்த பெயர் போய்விட்டது. அவர்கள் செய்த காரியத்தால் வந்த பெயர் ஈராயிரம் ஆண்டாக நிற்கிறது.

பெரிய புராணத்துக்குப் போங்கள். புனிதவதி என்று பெயர் வைத்தார்கள். இறைவன் ‘அம்மையே’ என்று அழைத்தான்; காரைக்கால் அம்மையார் ஆனார். தூக்கினால் திண்ணென்று கனத்தது, திண்ணன் என்று வைத்தார்கள். கண்ணைக் கொடுத்தார், கண்ணப்பர் ஆனார். மருள்நீக்கியார் என்று வைத்தார்கள். ஞானசம்பந்தப் பிள்ளை ‘அப்பரே’ என்று ஒரு முறை கூப்பிட்டது. இன்றைக்கும் அவர் அப்பர்தான். அந்தக் காலம் வேண்டாம், இந்தக் காலத்துக்கு வாருங்கள். சுப்பிரமணியன் என்று வைத்தார்கள், வீட்டிலே சுப்பையா. எட்டயபுரத்துச் சபை ‘பாரதி’ என்றது. ராமசாமி என்று வைத்தார்கள். 1938-ல் சென்னையிலே கூடிய பெண்கள் மாநாடு ‘பெரியார்’ என்றது. வைத்த பெயர் யார் பிள்ளை என்று சொல்லும். வந்த பெயர் என்ன செய்தார் என்று சொல்லும்.

சுருங்கச் சொன்னால்...

நடுவர்: ஐயா, இதைச் சொல்லிட்டு இன்னும் அரை மணி நேரம் பேசுவீங்களே! (பலத்த சிரிப்பு)

அதைத்தான் நடுவர் அவர்களே சொல்ல வந்தேன்! வகுப்பிலே எனக்குப் பெயரே ‘சுருங்கச் சொன்னால்’தான். நான் சுருங்கச் சொன்னதை ஒரு மாணவனும் கேட்டதில்லையாம். ‘சுருங்கச் சொன்னால் வந்துட்டாரா?’ என்று நடைபாதையிலே கேட்கிற சத்தம் என் காதிலே விழும். நாலு வருஷம் பாடுபட்டு முனைவர் பட்டம் வாங்கினேன், பல்கலைக்கழகம் கொடுத்தது. இந்தப் பட்டத்தைப் பிள்ளைகள் ஒரே நாளிலே கொடுத்தார்கள். எந்தப் பட்டத்துக்கு ஆராய்ச்சி சரியாக இருந்தது? (சிரிப்பு, கைதட்டல்)

சரி. சிரித்தது போதும். எதிரணித் தலைவர் கடைசியிலே ஒன்று கேட்டார். ‘பட்டப்பெயர் எத்தனை பிள்ளைகளை அழ வைத்திருக்கிறது தெரியுமா?’ என்று. அதற்குப் பதில் சொல்லாமல் இறங்கினால் நான் வாதாடினேன் என்று அர்த்தம் இல்லை.

பிரேசில் நாட்டிலே 1940-ல் ஒரு பிள்ளை பிறந்தது. மின்விளக்குக் கண்ட எடிசனை நினைத்து அப்பா எட்சன் என்று பெயர் வைத்தார். பிலே என்று ஒரு கோல் காவலர். இந்தப் பிள்ளை அந்தப் பெயரைத் தப்பாகச் சொன்னது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டு ‘பெலே, பெலே’ என்று கேலி செய்தார்கள் என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. அப்புறம் 1958, 1962, 1970 என்று மூன்று உலகக் கோப்பை. கேலிப் பெயரை உலகமே எழுந்து நின்று கூவியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேலி செய்யப்பட்ட எல்லாப் பிள்ளையும் பெலே ஆக முடியுமா? ‘நீ ஜெயித்துக் காட்டு, கேலி தானாக மாறிவிடும்’ என்று ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

என்னிடம் ஒரு மாணவர் இருந்தார். கிராமத்திலிருந்து வந்தவர். திக்கிப் பேசுவார். வகுப்பிலே அவருக்கு வைத்த பெயர் ‘தந்தி’. கட்டு, கடகட, கட்டு என்று தந்தி அடிக்கிற மாதிரிப் பேசுகிறாராம். அந்தப் பெயர் வந்த பிறகு, வருகைப் பதிவுக்கு ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்வதை நிறுத்திவிட்டார். கையை மட்டும் தூக்குவார். மூன்றாவது மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். விடுதியிலே உணவுக் கணக்குப் பார்த்த மூத்த மாணவன் ஒருவன்தான் தடுத்தான். ‘தம்பி, இந்த மாசம் கணக்கு இடிக்குது. இதை மட்டும் பார்த்துக் குடுத்துட்டுப் போ’ என்றான். இவர் உட்கார்ந்து பார்த்தார். எண்ணெய்க்கும் பருப்பிற்கும் இரண்டு தடவை பணம் போயிருப்பதைக் கண்டுபிடித்தார். ஆளுக்கு இவ்வளவு என்று விடுதி மாணவர்களுக்குப் பணம் திரும்பி வந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக் கூடத்திலே யாரோ ஒருவன் கத்தினான்: ‘வாய்யா ஆடிட்டர்!’

அந்தப் பெயர் நின்றுவிட்டது. ஆளும் நின்றுவிட்டார்.

பிறகு அவர் வங்கியிலே எழுத்தராகச் சேர்ந்தார். பதவி உயர்வு பெற்றார். ஓய்வும் பெற்றுவிட்டார். ஆடிட்டர் பரீட்சை அவர் எழுதியதே கிடையாது. ஆனால் இன்றைக்கும் எனக்குத் தொலைபேசி செய்தால், ‘ஐயா, நான் ஆ...ஆடிட்டர் பேசறேன்’ என்பார். மின்னஞ்சல் முகவரி தொடங்கும்போது கம்ப்யூட்டர் கேட்டது, என்ன பெயர் வேண்டும் என்று. அப்பா வைத்த பெயரை அவர் கொடுக்கவில்லை. ‘விடுதி ஆடிட்டர்’ என்று கொடுத்தார். உலகத்திலே உள்ள எந்தப் பெயரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற இடத்திலே, சாப்பாட்டுக் கூடத்திலே கிடைத்த பெயரை ஒரு மனிதர் எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் கேட்டேன். ‘அந்த இன்னொரு பெயர் வைத்தார்களே, அவர்களைப் பார்ப்பதுண்டா?’ என்று. ‘கல்யாணங்களிலே பார்ப்பேன் ஐயா. நல்லாத்தான் பேசுவாங்க. அந்தப் பேரு வெச்சதே அவங்களுக்கு ஞாபகம் இல்லை’ என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘எனக்கு இருக்குங்க’ என்றார்.

2013 ஜூலையிலே இந்தியாவிலே தந்தியையே நிறுத்திவிட்டார்கள் ஐயா. அவர் மனசிலே அடித்துக்கொண்டிருக்கிற தந்தி இன்னும் நிற்கவில்லை.

(நீண்ட கைதட்டல்)

அதனாலே, எதிரணித் தலைவர் சொன்ன காயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பாருங்கள், அந்தக் காயத்தை ஆற்றியது எது? அப்பா வைத்த பெயரா? அது அவர் சட்டைப்பையிலே அடையாள அட்டையாகச் சும்மா இருந்தது. ஊர் வைத்த பெயர் குத்தியது. ஊர் வைத்த இன்னொரு பெயர்தான் எழுப்பி உட்கார வைத்தது. அவ்வளவு பலம் அதற்கு இருக்கிறது. பலம் இருக்கிறதாலேதான் பார்த்து வைக்க வேண்டும்.

பெற்றவர்கள் வைக்கிற பெயர் ஆசை. பிள்ளை இப்படி இருக்க வேண்டும் என்ற ஆசை. இன்னும் எதையும் பார்க்காமல் வைப்பது. ஊர் வைக்கிற பெயர் சாட்சி. இந்த மனிதர் இப்படி இருந்தார், நாங்கள் பார்த்தோம் என்ற சாட்சி. நீதிமன்றத்திலே சாட்சிக் கூண்டிலே ஏறுகிறவனுக்கு ஒரு பொறுப்பு உண்டு. பொய் சொல்லக்கூடாது. பாதியைச் சொல்லி மீதியை மறைக்கக்கூடாது. ஒரு பிள்ளையின் நிறத்தை வைத்துப் பெயர் வைத்தால், காலை வைத்துப் பெயர் வைத்தால், நாக்கை வைத்துப் பெயர் வைத்தால், சாதியை வைத்துப் பெயர் வைத்தால், அந்தப் பிள்ளை செய்யாத ஒன்றுக்கு நாம் சாட்சி சொல்கிறோம். அது பொய்ச் சாட்சி. பொரிகடலை கொடுத்தார், கணக்குப் பார்த்தார், விடிய விடிய படித்தார். இது மெய்ச் சாட்சி.

நாம் வைத்த பெயர் பட்டமா, பழியா என்று தெரிய ஒரு வழி சொல்கிறேன். அந்த ஆள் தொலைபேசியை எடுத்து, அந்தப் பெயரைத் தானே சொல்லிப் பேசுவாரா? பேசுவார் என்றால் அது அவருடைய பெயர். பேச மாட்டார் என்றால் அது நம்முடைய அழுக்கு. எடுத்துவிடுங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘பள்ளிக்கூடத்திலே உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க?’ அது சொல்கிற பதிலைக் கேளுங்கள். அப்புறம் இன்னொன்றும் கேளுங்கள்: ‘நீ யாரை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறே?’ இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். சுருங்கச் சொன்னால்... (சிரிப்பு) வைத்த பெயர் நாம் பிறந்ததற்கு ரசீது. வந்த பெயர் நாம் வாழ்ந்ததற்குச் சாட்சி. ஆகவே ஒரு மனிதரை உள்ளபடி காட்டுவது வந்த பெயரே, வந்த பெயரே என்று நல்ல தீர்ப்புத் தருமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.